நீரில் நுண்ணுயிர் மாசு: மாதிரி பாட்டிலிலிருந்து முடிவு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரின் நுண்ணுயிர்த் தரத்தை ஆராய்பவர்களிடம் மாணவர்கள், கிணற்று உரிமையாளர்கள், குடியிருப்புச் சங்கத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆய்வகச் சீட்டில் இருக்கும் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த எண் எந்த நீரிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கையால் எடுக்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் இங்கே பதில்கள் அந்தப் பக்கம் சற்று அதிகமாகவே சாயும்.

தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கிறது. அதை ஏன் சோதிக்க வேண்டும்?

ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிலிட்டரில் அவற்றின் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கினால்தான் கண்ணுக்குக் கலங்கல் தெரியும். நோய் வர அதில் மிகச் சிறு பங்கே போதும். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ சந்தேகித்த கைப்பம்பு சுவையான நீருக்குப் பெயர் பெற்றது. வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு மூதாட்டி அந்த நீரின் சுவைக்காகவே அதை வரவழைத்துக் குடித்து இறந்தார். கிணற்றுக்குச் சில அடி தள்ளியிருந்த ஒரு வீட்டுக் கழிவுக்குழி சிதைந்து, நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் கிணற்றுக்குள் கசிந்திருந்தது. சுவை, மணம், தெளிவு மூன்றும் நுண்ணுயிரைக் காட்டிக்கொடுப்பதில்லை.

நோய்க்கிருமியைத் தேடாமல் ஈ. கோலியை ஏன் எண்ணுகிறார்கள்?

நோய்க்கிருமிகள் பல வகை. எல்லாம் எப்போதும் நீரில் இருக்காது, இருந்தாலும் சொற்பமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேண்டும். ஈ. கோலி என்ற பாக்டீரியாவோ மனிதன் உட்பட வெப்ப இரத்த உயிரினங்களின் குடலில் எப்போதும் கோடிக்கணக்கில் இருக்கிறது. 1885-ல் தியோடோர் எஷெரிஷ் குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். நீரில் அது இருந்தால், அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கூடவே என்ன வந்திருக்குமோ என்று எச்சரிக்கையாகிவிடலாம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் இதனால்தான் சுருக்கமானது: 100 மி.லி. நீரில் ஈ. கோலி ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

மொத்தக் கோலிஃபார்ம் என்பது வேறு, ஈ. கோலியையும் உள்ளடக்கிய பெரிய பாக்டீரியாக் குழு. அந்தக் குழுவில் மண்ணிலும் செடியிலும் இயல்பாக வாழ்பவையும் உண்டு. கோலிஃபார்ம் இருக்கிறது, ஈ. கோலி இல்லை என்று சீட்டு வந்தால், அது மலம் கலந்ததற்குச் சான்று ஆகாது. குழாய்க்குள் மண்நீர் புகுகிறதா, குளோரின் தீர்ந்துபோகிறதா, குழாய்ச் சுவரில் பாக்டீரியா ஒட்டி வளரும் உயிர்ப்படலம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அது.

ஈ. கோலி பூச்சியம் என்று வந்துவிட்டது. நிம்மதியாகக் குடிக்கலாமா?

இரண்டு காரணங்களால் அவசரப்பட வேண்டாம். முதலாவது வெறும் கணக்கு. நீரில் சராசரியாக 100 மி.லி.-க்கு ஒரு ஈ. கோலி சிதறிக் கிடக்கிறது என்று கொள்வோம். நீங்கள் மொள்ளும் ஒரு 100 மி.லி.-யில் அது அகப்படாமல் போகும் வாய்ப்பு 37 சதவீதம். அதாவது மாசுபட்ட நீரே மூன்றில் ஒரு முறைக்கு மேல் சுத்தம் என்று சீட்டு வாங்கிவிடும். மூன்று தனித்தனி மாதிரிகளும் பூச்சியம் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதமாக இறங்குகிறது.

இரண்டாவது, ஈ. கோலி எளிதில் சாகும். குளோரின் பட்டால் நிமிடத்தில் போய்விடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவுள்ள முட்டைக்கூடு அப்படியல்ல. லிட்டருக்கு 1 மி.கி. குளோரினில் அதன் 99.9 சதவீதம் அழியப் பத்து நாளுக்கு மேல் ஆகும். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நோயுற்றது இதனால்தான். அப்போது சுத்திகரித்த நீர் கோலிஃபார்ம் விதிக்கு உட்பட்டே இருந்தது. உயர்ந்து நின்றது கலங்கல். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைக் கலங்கல் அளவு சொல்லும், ஈ. கோலி சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

மாதிரி எடுக்கும்போது தவறு எங்கே நடக்கிறது?

பெரும்பாலான தவறுகள் நீர் ஆய்வகத்தைத் தொடும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே இதை விரிவாகச் சொல்வது நல்லது.

பாட்டில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குளோரின் கலந்த நீர் என்றால், ஆட்டோகிளேவுக்கு முன்பே அதில் சோடியம் தயோசல்ஃபேட் இட வேண்டும். 120 மி.லி. பாட்டிலுக்கு 3 சதவீதக் கரைசல் 0.1 மி.லி. போதும். லிட்டருக்கு 5 மி.கி. வரையிலான குளோரினை அது முறித்துவிடும். இதை மறந்தால், ஆய்வகம் போய்ச் சேரும் வரை பாட்டிலுக்குள் குளோரின் தன் வேலையைத் தொடரும். குழாயில் உயிரோடு வந்த பாக்டீரியா வழியிலேயே செத்துப் பொய்யான பூச்சியம் கிடைக்கும். அந்தப் பாட்டிலை நீரால் அலசிவிட்டு நிரப்புவது இன்னொரு வழக்கமான தவறு. அலசியதும் உள்ளே இருந்த மருந்து போய்விடுகிறது.

குழாய் மாதிரிக்கு, முனையில் உள்ள வலைச்சல்லடையைக் கழற்றுங்கள். உலோகக் குழாயானால் வாயைத் தீயில் வாட்டலாம், பிளாஸ்டிக்கானால் ஹைப்போகுளோரைட் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்து, தெறிக்காமல் பிடியுங்கள். மூடியைத் தரையில் வைக்காதீர்கள், உள்பக்கம் விரல் படக் கூடாது. கழுத்துக்குக் கீழே 2.5 செ.மீ. காலியிடம் விடுங்கள். முட்ட நிரப்பிய பாட்டிலை ஆய்வகத்தில் குலுக்க முடியாது. குலுக்காவிட்டால் பாக்டீரியா கட்டிகட்டியாகவே நிற்கும், எண்ணிக்கை குறைவாக வரும்.

ஆற்றில் எடுக்கும்போது பாட்டிலின் அடியைப் பிடித்து, வாயைக் கீழ்நோக்கி ஏறத்தாழ 30 செ.மீ. ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே நீர் வரும் திசைக்குத் திருப்பி நிரப்ப வேண்டும். நிற்பவர் பாட்டிலுக்குக் கீழ்நீரில் நிற்க வேண்டும். மேல்நீரில் நின்றால் அவர் காலில் கிளம்பும் வண்டல்தான் பாட்டிலுக்குள் வரும். அடி வண்டலில் ஈ. கோலி மேலே உள்ள நீரைவிடப் பல மடங்கு சேர்ந்து கிடக்கும். ஒரு கால் தடுமாறினால் ஆற்றின் கதையே மாறிவிடுகிறது.

எடுத்தவுடன் பனிக்கட்டிப் பெட்டிக்குள், 10 டிகிரிக்குக் கீழே, ஆனால் உறையாமல். பனி உருகிய நீர் மூடிவழி இறங்காதபடி பாட்டிலை உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். ஆற்று நீரை 6 மணி நேரத்தில் ஆய்வகம் சேர்த்து, அடுத்த 2 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். குடிநீருக்கு 30 மணி நேரம் வரை இடம் உண்டு.

சவ்வு வடிகட்டல் முறை எப்படி நடக்கிறது?

47 மி.மீ. விட்டமும் 0.45 மைக்ரோமீட்டர் துளையும் கொண்ட சவ்வின் வழியாக நீரை உறிஞ்சி இழுத்தால் பாக்டீரியா அதன் மேல் தங்கிவிடும். அந்தச் சவ்வை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால், தங்கிய ஒவ்வொன்றும் ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியும் காலனியாகிவிடும்.

எவ்வளவு நீர் என்பதுதான் முதல் முடிவு. குடிநீருக்கு 100 மி.லி. திறந்த கிணற்றுக்கு 100-ம் 10-ம். ஆற்றுக்கு 10, 1, 0.1. கழிவுநீரை ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என நீர்த்துத்தான் தொட முடியும். 10 மி.லி.-க்குக் குறைவான அளவு என்றால், உறிஞ்சும் முன் புனலில் கிருமி நீக்கிய நீர்ப்புக் கரைசல் கொஞ்சம் ஊற்ற வேண்டும். இல்லையெனில் எல்லாக் காலனியும் சவ்வின் ஒரு மூலையில் குவிந்துவிடும். வடிந்ததும் புனலின் சுவரை 20 முதல் 30 மி.லி. வீதம் மூன்று முறை அலசி, நெருப்பில் காட்டிய இடுக்கியால் சவ்வைத் தூக்கி, ஊடகத்தின் மேல் ஓர் ஓரத்திலிருந்து உருட்டினாற்போல் படியவிட வேண்டும். அடியில் காற்றுக் குமிழ் சிக்கினால் அந்த இடத்துக்கு உணவு ஏறாது. நாளைக்குத் தட்டில் வட்டமாக ஒரு வெற்றிடம் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஈ. கோலிக்கு மாற்றியமைத்த எம்-டெக் ஊடகத்தில் தட்டுகளைத் தலைகீழாக முதலில் 35 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறோம். குளிரிலும் குளோரினிலும் அடிபட்ட செல்கள் தேறிக்கொள்ள அந்த அவகாசம். பிறகு 44.5 டிகிரியில் 22 மணி நேரம். இந்த வெப்பத்தில் 0.2 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. காற்று இன்குபேட்டரில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு சாதாரணம். அதனால் தட்டுகளை நீர்புகாப் பையிலிட்டு வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்துவது வழக்கம். வெப்பம் கூடினால் ஈ. கோலியே நின்றுவிடும், குறைந்தால் வேண்டாதவை எல்லாம் வளரும்.

மறுநாள் சிவப்பு அல்லது செங்கருநீலக் காலனிகளை எண்ண வேண்டும். 20-க்கும் 80-க்கும் இடைப்பட்ட தட்டையே கணக்கில் எடுப்பது நல்லது. 10 மி.லி. வடிகட்டி 32 காலனி வந்தால், 100 மி.லி.-க்கு 320. எண்பதைத் தாண்டினால் காலனிகள் ஒன்றையொன்று நெருக்கி அடக்கிவிடும், எண்ணிக்கை உண்மையைவிடக் குறையும். ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் கிருமி நீக்கிய நீரை வடிகட்டிய தட்டு ஒன்றும், ஈ. கோலி என்று உறுதியாகத் தெரிந்த தட்டு ஒன்றும் இருக்க வேண்டும். வெற்றுத் தட்டில் ஒரு காலனி வந்தாலும் அன்றைய தொகுதி முழுவதையும் நாங்கள் ஒதுக்கிவிடுகிறோம். கலங்கிய நீரில் சவ்வு அடைத்துக்கொண்டால் இந்த முறையோடு போராட வேண்டாம், அடுத்த முறைக்குப் போங்கள்.

சீட்டில் எம்.பி.என். என்று போட்டிருக்கிறது. அது என்ன?

மிகவும் சாத்தியமான எண்ணிக்கை என்று பொருள். நீரை 10, 1, 0.1 மி.லி. என மூன்று அளவுகளில், அளவுக்கு ஐந்து சோதனைக் குழாய் வீதம், லாரில் டிரிப்டோஸ் குழம்பில் இடுவார்கள். உள்ளே தலைகீழாக ஒரு குட்டி டர்ஹாம் குழாய் இருக்கும். 35 டிகிரியில் 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பார்த்து, அதில் வாயு சேர்ந்த குழாய்களை மறுசோதனைக்கு அனுப்புவார்கள். எத்தனை குழாய் மறுசோதனையிலும் மாசு காட்டியது என்பதை வைத்து அட்டவணையில் எண்ணைப் படிப்பார்கள்.

இந்த எண் எண்ணிப் பார்த்தது அல்ல, மதிப்பிட்டது. 10 மி.லி. குழாய்கள் ஐந்தும் மாசு காட்டி மற்றவை காட்டாமல் போனால் 100 மி.லி.-க்கு 23 என்று வரும். ஆனால் உண்மை ஏறத்தாழ 7-க்கும் 70-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். போன மாதம் 23, இந்த மாதம் 33, மாசு கூடிவிட்டது என்று அறிக்கை எழுதுவது சரியல்ல.

மஞ்சளாகும் பொடி, கறுப்பாகும் பாட்டில் போன்ற எளிய சோதனைகளை நம்பலாமா?

இரண்டும் வேறு வேறு. பொடி முறையில் 100 மி.லி. நீரில் பொடியைக் கரைத்து 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், கோலிஃபார்ம் இருந்தால் மஞ்சளாகும். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ. கோலி. அது நம்பகமான முறை. ஒரு குறை: கடும் நோய் தரும் ஈ. கோலி ஓ157:எச்7 வகை பெரும்பாலும் ஒளிராது. ஆனால் மலத்தில் அது தனியாக வருவதில்லை, சாதாரண ஈ. கோலியும் கூடவே வரும் என்பதால் எச்சரிக்கை கிடைத்துவிடும்.

கறுப்பாகும் பாட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை. இந்திய ஆய்வாளர்கள் 1982-ல் வெளியிட்ட முறை, மின்சாரமில்லாத இடத்துக்குப் பெரிய உதவி. ஆனால் நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்ஃபைடு இருந்தால் மாசில்லாமலும் கறுக்கும். நீரை ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது பாக்டீரியாவின் வேலை அல்ல, வேதிவினைதான்.

ஒரே ஆற்றில் நேற்று 80, இன்று 6000. எதை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வெயில் ஏற ஏற ஈ. கோலி மடியும், அதனால் காலை எண்ணிக்கையும் பிற்பகல் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. மழையோ ஒரே மணி நேரத்தில் கரையின் சாணத்தையும் கழிவுநீர்க் கால்வாயையும் அடி வண்டலையும் சேர்த்துக் கிளப்பிவிடும். மழை இல்லாத நாட்களில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு ஆறு சுத்தம் என்று முடிவெடுத்த திட்டங்களை நம்பாதீர்கள்.

இந்தத் தாவலினால்தான் சாதாரணச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரியை (எண்களைக் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் எடுப்பது) எடுக்கிறோம். 40, 60, 80, 100, 6000 என்று ஐந்து மாதிரிகள் என்றால் சாதாரணச் சராசரி 1256, பெருக்குச் சராசரி ஏறத்தாழ 163. குளிக்கும் நீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-ல் பரிந்துரைத்த ஈ. கோலி வரம்பும் பெருக்குச் சராசரியில்தான் இருக்கிறது: 100 மி.லி.-க்கு 126. அதோடு 410-ஐத் தாண்டும் மாதிரிகள் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது நிபந்தனை முக்கியம். பெருக்குச் சராசரியை மட்டும் காட்டினால் அந்த 6000 கண்ணில் படாமல் போகும். அன்று ஆற்றில் இறங்கிய குழந்தைக்குச் சராசரியால் பயன் ஒன்றும் இல்லை.

மலம் மனிதனுடையதா, மாட்டினுடையதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஈ. கோலியைக் கொண்டு அல்ல, அது எல்லாக் குடலிலும் ஒரே மாதிரி. வெப்ப மண்டலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹவாய் தீவுகளில் ஈ. கோலி மலத் தொடர்பே இல்லாமல் மண்ணில் தங்கிப் பெருகுவதைக் கண்டறிந்தார்கள். அதனால் அங்கே குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸையும் துணைச் சான்றாக எண்ணுகிறார்கள்.

மூலம் தேட, பாக்டீராய்டிஸ் இனத்தின் மரபணுத் துண்டுகளைப் பார்க்கிறோம். காற்றுப் பட்டால் வளராத இனம் அது, ஆகவே ஆற்றில் பெருகிக் கணக்கைக் குழப்பாது. எச்எஃப்183 என்ற துண்டு மனிதக் கழிவுக்கு அடையாளம், அசைபோடும் விலங்குகளுக்கு வேறு துண்டுகள் உண்டு. மிளகாய், குடைமிளகாய்ச் செடிகளைத் தாக்கும் ஒரு வைரஸ்கூட உணவு வழியாக மனித மலத்தில் ஏராளமாக வந்து சேர்வதால், கழிவுநீரின் நல்ல அடையாளமாகிவிட்டது.

நீரை வடிகட்டி, செல்லை உடைத்து, மரபணுவைப் பிரித்து, மரபணுத் துண்டைப் பெருக்கி அளவிடும் பி.சி.ஆர். கருவியில் ஓட்ட வேண்டும். இங்கே பெரிய எதிரி இலைமட்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம். அது வினையை அடக்கி, மாசுபட்ட நீரையும் இல்லை என்று சொல்ல வைக்கும். அதனால் தெரிந்த அளவு அந்நிய மரபணுவை ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்து, அது சரியாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து அல்லது பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் இந்த முறை எண்ணும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தட்டில் வளராவிட்டால் பாக்டீரியா இல்லை என்றுதானே பொருள்?

அப்படித்தான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தும் வளர்ப்பு ஊடகத்தில் வளராத நிலை ஒன்று உண்டு என்பதை 1980-களின் தொடக்கத்தில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழு காட்டியது. காலரா பாக்டீரியா நோய் பரவாத காலங்களிலும் கழிமுக நீரில் அப்படி ஒடுங்கி இருக்கிறது. பெரும்பகுதி கோப்பிபாட் என்ற நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நீரைத் துணியில் வடித்தால் பாக்டீரியா நிற்காது, அது ஒட்டியிருக்கும் கோப்பிபாட் நிற்கும். வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் பழைய சேலையைக் குறைந்தது நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடித்தபோது காலரா 48 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2003-ல் வெளியானது. புதுச் சேலையைவிடப் பழையது நன்றாக வடிக்கிறது, ஏனெனில் துவைத்துத் துவைத்து நூல் பிசிறி இடைவெளி சுருங்கியிருக்கும். தனித்து மிதக்கும் பாக்டீரியாவையும் வைரஸையும் துணி தடுக்காது.

கிணற்றில் ஈ. கோலி வந்துவிட்டது. எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?

நீரின் அளவை முதலில் கணக்கிடுங்கள். விட்டம் 1 மீட்டர், நீர் உயரம் 3 மீட்டர் என்றால் ஏறத்தாழ 2,360 லிட்டர். கிணற்றை முழுதாகக் கிருமி நீக்க லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வேண்டும். மொத்தம் 118 கிராம். 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடரில் சுமார் 360 கிராம். திறந்து பல வாரமான பவுடரின் வீரியம் பாதியாகியிருக்கலாம். அளந்து பார்க்காமல் போட்டால் மருந்து போட்ட திருப்தி மட்டுமே மிஞ்சும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள், சுண்ணாம்பு கட்டியாகி அடியில் போய்ப் படிந்துவிடும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். உள்சுவரிலும் தெளியுங்கள். அமிலக் கழுவியோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். 12 முதல் 24 மணி நேரம் விட்டு, மணம் போகும் வரை இறைத்து, மீன் வளரும் குளத்துக்குப் போகாதபடி வெளியேற்றுங்கள். குளோரின் இருக்கும்போதே மாதிரி எடுத்தால் எந்தக் கிணறும் தேறிவிடும். சில நாள் கழித்து எடுங்கள்.

இரண்டு வாரத்தில் ஈ. கோலி மறுபடி வந்தால் மருந்தைக் கூட்டாதீர்கள், வழியைத் தேடுங்கள். மேடையில் விரிசல், உறைகளின் இணைப்பில் கசிவு, மேட்டுப் பக்கம் கழிவுக்குழி, தரையில் புரளும் வாளிக்கயிறு. இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

அன்றாடக் குடிநீருக்கு வேறு அளவு: 30 நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மி.கி. எஞ்ச வேண்டும், பி.எச். 8-க்குக் கீழே. பி.எச். 6.5-ல் எஞ்சும் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு வீரியமான வடிவில் இருக்கும். 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான்.

காய்ச்சுவது, வெயிலில் வைப்பது, புற ஊதா விளக்கு: எது நல்லது?

காய்ச்சுவதுதான் எல்லாக் கிருமிக்கும் பொருந்தும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலான மலையில் மூன்று நிமிடம். வெயில் முறைக்கு 2 லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை 6 மணி நேரம் வைக்க வேண்டும். வானம் மூடியிருந்தால் தொடர்ந்து இரண்டு நாள். புற ஊதா விளக்கு கிரிப்டோஸ்போரிடியத்தை எளிதில் முடக்கும், அடினோவைரஸுக்குத் தடுமாறும். கலங்கிய நீரில் எதற்குமே உதவாது. வெயிலும் விளக்கும் நீரில் எச்சப் பாதுகாப்பு எதையும் விட்டுச் செல்வதில்லை, காய்ச்சுவதும் அப்படியே. மூடி வைத்த பாத்திரத்தில் கை விட்டு மொண்டால் பழைய நிலைதான்.

மாதிரியோடு என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

நாள், மணி, இடம், எடுத்தவர், நீரின் வெப்பம், பி.எச்., கலங்கல், அங்கேயே அளந்த குளோரின், கடந்த 48 மணி நேர மழை, சுற்றிலும் கண்ணில் பட்டவை: மேய்ந்த மாடு, பறவைக் கூட்டம், துணி துவைத்தவர்கள், திறந்த சாக்கடை வாய். பென்சிலில் எழுதுங்கள், பனிப்பெட்டி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். சீட்டைப் பாட்டிலின் உடலில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. ஆய்வகத்தில் மூடிகள் கழன்றதும் மூடியில் எழுதியது எந்தப் பாட்டிலுக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது.